இரவற் பருவத்தில் எந்தப் பூ பூக்கும்?

தோவாளை வட்டத்தின் தலைமையிடம் பூதப்பாண்டி. விடியுமுன்னே மூட்டை மூட்டையாகப் பூ வந்திறங்கித் தென்தமிழகத்துக்கும் கேரளத்துக்கும் பிரிந்து செல்லும் தோவாளைப் பூச்சந்தை அவ்வட்டத்திலேயே இருக்கின்றது. பிச்சியும் முல்லையும் அரளியும் சம்பங்கியும் கோழிப்பூவும் வாடாமல்லியும் அங்கே எடைபோட்டு விற்கப்படுகின்றன. அரளிப்பூவை மடித்து நொச்சியிலையோடு சேர்த்து, மணிக்கற்களைப் பதித்தாற்போலக் கட்டப்படும் தோவாளை மாணிக்கமாலை 2025-இல் புவிசார் குறியீடும் பெற்றது.

அத்தகைய வட்டத்தின் தலைமையூரில், படித்த வீட்டார் சிலர் பங்குனித் திங்களில் நாகர்கோவிலுக்குச் சென்று வண்ணப்படம் போட்ட விதைப்பொட்டலங்களை வாங்கி வருகின்றனர். பெட்டூனியா, பேன்சி, புளோக்சு என்று பெயர்கள். 'வசந்த காலத்தில் விதைக்க' என்னும் பொருளில் ஆங்கில வரி ஒன்று பொட்டலத்தின் பின்புறம். அந்த ஆங்கில வரியை வேதவாக்காகக் கொண்டு பங்குனி இறுதியில் விதைக்கின்றனர். முளைத்தவை சித்திரை வெயிலில் சுருள்கின்றன. எஞ்சியவை வைகாசிக்குள் வாடி வீழ்கின்றன. உடனே அவர்தம் வாயில் வரும் சொல் என்ன? 'நம் மண்ணுக்குப் பூச்செடி வராது!'

பூவை ஊர் ஊராக ஏற்றியனுப்பும் மண்ணைப் பார்த்துச் சொல்லும் சொல்லா இது? தோட்டக்காரர் தம் பிழையை மண்ணின் தலையில் ஏற்றும் இக்கொடுமைக்கு என்ன பெயரிடுவது? குற்றம் மண்ணிலும் இல்லை. பழையாற்று நீரிலும் இல்லை. இரவல் வாங்கிய பருவத்தில் இருக்கின்றது குற்றம்.

யாருடைய வேனில்?

இங்கிலாந்தில் 'இசுபிரிங்' என்பது என்ன? குளிரால் இறுகிக் கிடந்த நிலம் இளகும் காலம். உறைபனி விழுந்து முளையைக் கருக்கும் அச்சம் நீங்கும் காலம். அந்நாட்டு மென்செடிக்கு, வேனிற்கு முந்திய உறைபனிக்கும் கூதிரில் மீண்டும் வரும் உறைபனிக்கும் இடைப்பட்ட சில திங்களே வாழ்நாள். அதற்குள் முளைத்து, தழைத்து, பூத்து, விதைத்து முடிந்தாக வேண்டும். ஆகவே, அவன் 'இசுபிரிங்'கில் விதைக்கின்றான். அவன் நிலத்துக்கு அது சரி.

இலண்டன் மாநகர் நிலநடுக்கோட்டிலிருந்து 51 பாகைக்கும் மேல் வடக்கே இருக்கின்றது. பூதப்பாண்டியோ ஏறத்தாழ 8 பாகையில் இருக்கின்றது. இங்கே உறைபனி என்பதே இல்லை. இங்கு முளைக்குப் பகை குளிரன்று, சித்திரை வெயில். இங்கு விதைப்பவன் நோக்க வேண்டுவது மழையை. தென்மேல் பருவமழை, வடகீழ்ப் பருவமழை ஆகிய இரண்டையும் பெறும் பேறுடையது குமரி மாவட்டம். இரு மழை பெறும் நிலத்தான், ஒரு வேனிலை நம்பி வாழும் குளிர்நாட்டானின் நாட்காட்டியைக் கடன் வாங்குவது அறிவுடைமையா?

இன்னொன்றும் எண்ணுக. பெட்டூனியாவும் பேன்சியும் புளோக்சும் குளிர்ச்சியை விரும்பும் செடிகள். வடநாட்டுச் சமவெளிகளிலேயே அவற்றைப் புரட்டாசி ஐப்பசியில் விதைத்துக் குளிர்காலத்தில் பூ எடுக்கின்றனர். வெயில் ஏறியதும் அவை முடிந்துபோகின்றன. வடநாட்டான்கூடத் தன் வானத்தைப் பார்த்து அப்பொட்டல வரியைத் திருத்திக்கொண்டான். தமிழன் மட்டும் எழுத்துப் பிசகாமல் கீழ்ப்படிகின்றான்.

மரத்தில் பூத்த வேனில்

ஓராண்டை ஆறு பெரும்பொழுதாகப் பகுத்தவன் தமிழன். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் எனத் தமிழ் இலக்கண மரபு கூறும். சித்திரையும் வைகாசியும் இளவேனில். அவ்விளவேனிலுக்குத் தோட்டமே இல்லையா எனின், உண்டு. ஆனால் அத்தோட்டம் பெரிதும் மரக்கிளையில் இருந்தது! கோங்கும் இலவும் முருக்கும் புன்கும் பாதிரியும் வேம்பும் வேனிலை ஒட்டிப் பூப்பவை. மண்ணின் மேற்பரப்பு காய்ந்து வெடிக்கும் நாளிலும், ஆழத்து நீரை உறிஞ்சி நிற்பவை மரங்கள். எனவே, வேனிற் பூவுக்கு அண்ணாந்து பார்த்தனர் முன்னோர்.

ஒல்லையூர் தந்த பூதப்பாண்டியன் என்னும் வேந்தன் பாடிய பாட்டொன்று அகநானூற்றில் 25-ஆவதாக நிற்கின்றது. அவன் பெயரோடு இவ்வூர்ப் பெயரை இணைத்துச் சொல்லும் வழக்கும் உண்டு. அப்பாட்டு இளவேனிலின் வரவைக் கூறுவது. பிரிந்தவன் வரவில்லை; வேனில் வந்துவிட்டது. அவன் காட்டும் வேனில் எது? ஆற்று மணற்கரையில் காஞ்சி மரத்தின் பூந்தாது உதிர்ந்து கிடக்கின்றது; மாமரத்து அரும்பைக் கோதிக் குயில் கூவுகின்றது. பாத்தி கட்டி நீரூற்றி வளர்த்த மென்செடி அங்கே இல்லை. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கும் 99 பூக்களிலும் மரப்பூவும் கொடிப்பூவும் புதர்ப்பூவுமே மிகுதி. இன்றும் சித்திரை முதல் நாளில் கணி காணும் குமரி மாவட்டத்து வீடுகளில் முன்னிற்பது சரக்கொன்றை, அதுவும் மரமே.

மழையில் முளைத்து, பூத்து, காய்ந்து மடியும் சிறுசெடியையும் தமிழர் புறக்கணித்தாரல்லர். வழியோரத் தும்பை அத்தகையது. அதற்கு யார் பாத்தி கட்டினார்? ஆயினும் பொருது வெல்லும் மறவர் சூடும் பூவாக அதனை உயர்த்தி, போர்த்திணை ஒன்றுக்கே அதன் பெயரை வைத்தனர். செடி சிறிதாயினும் அதற்குரிய இடத்தைத் தந்தனர்.

'ஆண்டுச் செடி' என்னும் பிழை

விதைத்து ஒருமுறை பூத்து மடியும் செடியை ஆங்கிலேயன் 'ஆனுவல்' என்றான். ஆண்டுக்கொரு முறை வருவது என்பது பொருள். அவன் நாட்டில் ஆண்டுக்கு ஒரே விளைபருவம். ஆகவே, அப்பெயர் அவனுக்குப் பொருந்தும். அதைக் கண்ணை மூடிக்கொண்டு மொழிபெயர்த்தவர் 'வருடாந்திரப் பூச்செடி' என்றனர். சொல்லும் வடமொழி, கருத்தும் இரவல்! பாடநூல் 'ஒருபருவத் தாவரம்' என்கின்றது. கருத்து நேராயிற்று, 'தாவரம்' என்னும் வடசொல் அகலவில்லை. 'நிலைத்திணை' என்னும் தூய தமிழ்ச்சொல் இருக்க, அஃது எதற்கு?

நாஞ்சில் நாட்டு உழவன் இக்கருத்துக்கு என்றோ சொல் கண்டுவிட்டான். அவன் வயலில் ஆண்டுக்கு இரு விளைச்சல். சித்திரை வைகாசியில் தொடங்கிக் கன்னித் திங்களாகிய புரட்டாசியை ஒட்டி அறுப்பது கன்னிப்பூ. மழைக்காலத்தில் நட்டுக் கும்பத் திங்களாகிய மாசியில் அறுப்பது கும்பப்பூ. கவனிக்க: நெல்லின் ஒரு பருவ விளைச்சலையே அவன் 'பூ' என்றான்! ஒருமுறை விளைவது ஒருபூ. இருமுறை விளைவது இருபூ. 'போகம்' என்னும் வடசொல் தமிழ்நாட்டு வயல்களில் புகுந்து அமர்ந்த பின்னும், நாஞ்சில் நாட்டு வரப்பில் 'பூ' அழியாமல் நிற்கின்றது.

அவ்வாறாயின் விதைத்து, ஒருமுறை பூத்து, மடியும் செடிக்குப் பெயர் என்ன? ஒருபூச் செடி! இதனினும் தெளிவான சொல் வேண்டுமோ? 'ஆண்டுச் செடி' என்பது இந்நாட்டில் பொய். விதைத்த நாளிலிருந்து ஏறத்தாழ 2 அல்லது 3 திங்களில் பூத்து, மேலும் சில வாரங்களில் முடிந்துபோகும் செண்டுப்பூவையும் காசித்தும்பையையும், நீர் இருந்தால் ஓராண்டில் இருமுறையும் அதற்கு மேலும் இங்கே எடுக்கலாம். சொல்லைப் பிழையாக வாங்கியவன், ஆண்டுக்கு ஒரே விதைப்பு என்று நம்பி, அதையும் பிழையான திங்களில் செய்கின்றான். சொல் தவறினால் வேளாண்மையும் தவறும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

பெயரிட்டவர் யார்?

'அயல்நாட்டுச் செடியே கூடாது என்பதா?' என்று சிலர் வினவுவர். இல்லை. பூவுக்குக் கடவுச்சீட்டுக் கேட்பது அறியாமை. தோவாளைச் சந்தையில் குவியும் பூக்களிலேயே கடல் கடந்து வந்தவை பல. செண்டுப்பூவின் தாயகம் மெக்சிகோ. வாடாமல்லி நடு அமெரிக்காவிலிருந்து வந்தது. அந்திமல்லியும் பத்துமணிப்பூவும் தென்னமெரிக்காவின. சுடுகாட்டுமல்லி மடகாசுக்கரைச் சேர்ந்தது. குருதிப் புற்றுநோய் மருந்தாகிய வின்கிரிசுட்டின் அச்செடியிலிருந்தே எடுக்கப்படுகின்றது. வந்தவை வாழட்டும்!

இங்கே காண வேண்டியது வேறு. அவை வந்தபோது அவற்றுக்குப் பெயரிட்டவர் யார்? பட்டம் பெற்றவரல்லர், குழு அமைத்தவருமல்லர். பூத்தொடுத்த பெண்டிரும் பாத்தி கட்டிய உழவரும். பறித்த பின்னும் நிறம் மங்காமை கண்டு 'வாடாமல்லி' என்றனர். சேவலின் கொண்டையைக் கண்டு 'கோழிப்பூ' என்றனர். உருண்டு திரண்ட வடிவம் கண்டு 'செண்டுப்பூ' என்றனர். மாலையில் மலர்வதை ஆங்கிலேயன் கடிகாரத்தைப் பார்த்து 'நாலு மணிப்பூ' என்றான். தமிழ்ப்பெண் வானத்தைப் பார்த்து 'அந்திமல்லி' என்றாள். வெயில் ஏறியபின் விரிவதற்குக் குமரி மாவட்டத்தார் 'பத்துமணிப்பூ' என்றனர்; அதே செடியை வாங்கும் நகரத்துப் படிப்பாளியோ 'டேபிள் ரோசு' என்று நாக்குளறுகின்றான்!

பெயரிடுவது உரிமை கொள்வது. ஆங்கிலேயன் அதனை அறிவான். மெக்சிகோப் பூவுக்கு 'மேரியின் பொன்' என்னும் பொருளில் தன் சமயப்பெயரைச் சூட்டினான். அதிலும் ஒருவகையை 'ஆப்பிரிக்க' என்றும் மற்றொரு வகையை 'பிரெஞ்சு' என்றும் பிழையாகவே அழைத்தான், வெட்கப்படவில்லை. அதே மெக்சிகோவின் இன்னொரு பூவுக்கு, 18-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சின் என்னும் செருமானிய அறிஞரின் பெயரால் 'சின்னியா' என்று பெயர் வைத்தனர். தாலியாப் பூ, தால் என்னும் சுவீடன் நாட்டறிஞரின் பெயர் தாங்குகின்றது. ஐரோப்பியன் தன் அறிஞரைப் பூவில் வாழவைத்தான். தமிழன் அப்பெயர்களைப் பொருள் தெரியாமல் உருவேற்றிக்கொண்டு, பாட்டி சொன்ன 'கோழிப்பூ'வை நாட்டுப்புறச் சொல் என்று நகைக்கின்றான். நகைப்புக்குரியவர் யார்?

செண்டுப்பூவின் நிலையைப் பாருங்கள். தமிழிலும் மலையாளத்திலும் 'செண்டுமல்லி' என்பது இன்றும் வழங்குகின்றது. இருந்தும் சந்தையில் வடக்கிலிருந்து வந்த 'கேந்தி' ஓங்கிவிட்டது. நாற்றுப்பண்ணைப் பலகையிலோ 'மேரிகோல்டு'. வீட்டுக்குள் செண்டு, சந்தையில் கேந்தி, பலகையில் மேரிகோல்டு. ஒரே பூவுக்கு மூன்று நாக்கு! இப்படித்தான் சொற்கள் சாகின்றன. முதலில் பலகையிலிருந்து, பிறகு சந்தையிலிருந்து, இறுதியில் வீட்டிலிருந்து அவை துரத்தப்படுகின்றன.

'பூவுக்குமா மொழி?'

'எந்தப் பெயரிட்டாலும் பூ பூதானே? பூவுக்குமா மொழிச் சண்டை?' என்பார் உளர். பூவுக்கு மொழியில்லை, உண்மை. பூவை விற்பவளுக்கு மொழி உண்டு. நாற்றை வாங்குபவனுக்கு மொழி உண்டு. பொட்டலத்தில் அச்சிட்ட விதைப்பருவம் அவனுக்குப் புரியாத மொழியில் இருந்தால், இழப்பு பூவுக்கன்று; அவன் கைப்பொருளுக்கு.

'அறிவியற்பெயர் உலகப் பொது, அதை மாற்றலாமா?' என்பார் வேறு சிலர். அறிவியற்பெயரை யார் மாற்றச் சொன்னார்? அஃது ஆய்வேட்டில் இருக்கட்டும். இலண்டன் கடைத்தெருவில் 'தசெட்டசு எரெக்டா' ஒரு கொத்துத் தருக என்று எந்த ஆங்கிலேயன் கேட்கின்றான்? அவனுக்கு அறிவியலில் இலத்தீனும் கடையில் ஆங்கிலமும் இருக்கலாம். தமிழனுக்கு மட்டும் கடையில் தமிழ் இருக்கக் கூடாதோ?

'சின்னியாவுக்கும் பெட்டூனியாவுக்கும் தமிழ்ப்பெயர் எங்கே?' என்று கேட்பவர் கேட்கட்டும். பெயர் இல்லையெனில் படைப்பது கடன். அடுக்கடுக்காக இதழ் கொண்ட சின்னியாவை 'அடுக்குச்செண்டு' எனலாம். ஊதுகுழலின் வாய்போல் விரியும் பெட்டூனியாவைக் 'குழல்மல்லி' எனலாம். இவை நிலைக்க வேண்டும் என்பதில்லை. இவற்றினும் நல்ல பெயரைத் தோவாளைப் பூக்காரி ஒரு நொடியில் சொல்லக்கூடும். அவளிடம் கேளுங்கள்! வாய்க்கு எளிதாய், கண்ணுக்கு மெய்யாய் இருப்பதே நிலைக்கும். மேசையில் அமர்ந்து நீட்டி முழக்கியது நிலைக்காது. தனித்தமிழ் என்பது புலவர் வீட்டுச் சரக்கன்று. அது பூக்காரியின் வாயில் என்றும் இருந்துவருவது.

எதை, எப்போது?

வெறும் வசையால் பயனில்லை. நாஞ்சில் நாட்டுத் தோட்டத்துக்கு ஏற்ற முறை இது.

இளவேனிலில் பூ வேண்டுமென்பவர் இளவேனிலில் விதைக்கலாகாது. பின்பனியில் விதைக்க வேண்டும். தை இறுதியிலோ கும்பமாகிய மாசித் தொடக்கத்திலோ விதைத்தால் சித்திரையில் பூ. அதற்கு வெயில் தாங்கும் செடிகளையே தெரிந்தெடுக்க வேண்டும். கோழிப்பூ, வாடாமல்லி, பத்துமணிப்பூ, பொழுதுவணங்கி, சின்னியா ஆகியவை வெயிலுக்கு அஞ்சா. பத்துமணிப்பூவுக்கு நீர் மிகுந்தால்தான் கேடு. காலையிலோ மாலையிலோ வேரில் நீரூற்றி, மண்ணின்மேல் சருகு பரப்பினால் ஈரம் நிற்கும்.

வைகாசி இறுதியிலும் ஆனியிலும் தென்மேல் மழையோடு விதைப்பதற்குக் காசித்தும்பை தக்கது. இந்நிலப்பகுதிக்கே உரிய செடி. செண்டுப்பூவை வைகாசி இறுதியில் நாற்றுவிட்டால் ஆவணி ஓணத்துக்குப் பூ கிடைக்கும். ஐப்பசி இறுதியில் மேட்டுப்பாத்தியில் விட்டால் பொங்கலை ஒட்டிப் பூ வரும். நீர் தேங்கினால் வேர் அழுகும் என்பதை மறவற்க. தக்காளிப் பாத்தியின் ஓரத்தில் செண்டுப்பூவை நட்டால், வேர்முடிச்சு உண்டாக்கும் நுண்புழுவை அதன் வேர் அடக்கும். காய்துளைக்கும் புழுவின் தாய்ப்பூச்சியைப் பூ தன்பால் இழுக்கும். பெட்டூனியாவை வளர்த்தே தீர வேண்டும் என்பவர் புரட்டாசி ஐப்பசியில் நாற்றுவிட்டு மார்கழி தையில் பூவைக் காணட்டும். வடநாட்டுக் குளிர் இங்கில்லை என்பதையும் அறிந்து வளர்க்கட்டும்.

எல்லாவற்றினும் மேலானது விதை. கடையில் விற்கும் கலப்பின விதையிலிருந்து எடுத்த விதை தாயைப்போல் வராது. ஆண்டுதோறும் கடைக்காரன் வாயிலில் நிற்க வேண்டும். நாட்டுக் காசித்தும்பையும் கோழிப்பூவும் வாடாமல்லியும் அப்படியல்ல. காசித்தும்பைக் காய் தொட்டாலே வெடித்துச் சிதறும். வெடிக்குமுன் முற்றிய காயைப் பறித்து, நிழலில் உலர்த்தி, துணியில் முடிந்து வைத்தால் அடுத்த பருவத்துக்கு விதை. காசு வேண்டா. விதையைச் சேமிக்கவும் மாற்றிக்கொள்ளவும் உழவர்க்குள்ள உரிமையை 2001-ஆம் ஆண்டுச் சட்டமும் ஏற்றுள்ளது. சட்டம் தந்த உரிமையைச் சோம்பலால் இழக்கலாமா?

செய்ய வேண்டுவன

தமிழ்ப் பேசும் இம்மண் 1956 நவம்பர் 1-இல் தமிழ்நாட்டோடு இணைந்தது. அதற்காக 1954-இல் குண்டடிபட்டு உயிர் கொடுத்தனர் மக்கள். எல்லையை மீட்டவர் வழிவந்தோர், தோட்டத்துப் பெயர்ப்பலகையை அயல்மொழிக்கு விட்டுக்கொடுப்பதா? 1907-இல் இதே பூதப்பாண்டியில் பிறந்த ப. சீவானந்தம், தனித்தமிழ் உணர்வால் தம் பெயரை 'உயிரின்பன்' என்று மாற்றியவர். அப்பெயரில் அவர் நெடிது நிலைக்கவில்லை என்பது உண்மை. ஆயினும், தம் பெயரையே மாற்றத் துணிந்தார் என்பதும் உண்மை. தம் பெயரை மாற்றத் துணிந்தவர் பிறந்த ஊரில், ஒரு செடியின் பெயர்ப்பலகையை மாற்றத் துணிவில்லையா?

வட்டத்திலுள்ள ஒவ்வொரு பள்ளியும் தன் தோட்டத்தில் ஒருபூச் செடிகளைத் தமிழ்ப்பெயர்ப் பலகையோடு வளர்க்கட்டும். மாணவர் தம் பாட்டியரிடமும் பூக்காரியரிடமும் பூப்பெயர்களைக் கேட்டு எழுதி வரட்டும். ஓராண்டில் ஓர் அகராதியே உருவாகும். விதைப்பொட்டலத்தில் தமிழ்ப்பெயரும் தமிழ்த்திங்களும் அச்சிடாத விதையை வாங்க மறுப்பதென வீடுதோறும் உறுதி கொள்ளட்டும். விற்பவன் தானே அச்சிடுவான். பேச்சிப்பாறைத் தோட்டக்கலை ஆய்வு நிலையம் இம்மாவட்டத்திலேயே உள்ளது. கன்னிப்பூ, கும்பப்பூப் பருவங்களோடு பொருந்திய பூ நாட்காட்டி ஒன்றைத் தமிழில் வெளியிடுமாறு ஊராட்சிகளும் பேரூராட்சியும் அதனிடம் தீர்மானம் இயற்றிக் கேட்கட்டும்.

தன் வானத்தைப் பார்த்து விதைப்பவனே உழவன். தன் மொழியில் பெயரிட்டு அழைப்பவனே உரிமையாளன். இவ்விரண்டையும் இழந்தவன் தோட்டத்தில் பூ பூத்தாலும் அஃது அயலான் பூவே. வரும் கும்பத் திங்களில் ஒரு பிடி கோழிப்பூ விதையேனும் பூதப்பாண்டி மண்ணில் விழட்டும். அதன் அருகே தமிழில் ஒரு பலகை நிற்கட்டும். மண் பொய்க்கின்றதா, இல்லையா என்பதைச் சித்திரை சொல்லும்.